சிங்கப்பூரிலிருந்து குரூஸ் போகிறீர்களா? பெட்டி கட்டும் முன் இந்த ஆவணங்களைச் சரிபாருங்கள்

சில வருடங்களுக்கு முன்பு எங்கள் குடும்பத்தில் ஒன்பது பேர் சிங்கப்பூர் போய், அங்கிருந்து கப்பல் ஏறுவதாகத் திட்டம். ஏறியது ஏழு பேர்தான். அத்தையும் மாமாவும் டெர்மினல் கவுன்டரோடு நின்றுவிட்டார்கள். இருவரிடமும் பாஸ்போர்ட் இருந்தது, விசா இருந்தது, கப்பல் டிக்கெட்டும் இருந்தது. ஆனால் அந்த விசா சிங்கப்பூருக்குள் ஒரே ஒரு முறை நுழைவதற்கானது. எடுத்துக் கொடுத்த ஏஜென்ட் அதைச் சொல்லவில்லை, நாங்களும் பார்க்கவில்லை. முந்தின நாள் விமானத்தில் வந்து இறங்கியபோதே அந்த ஒரு முறை முடிந்துபோயிருந்தது. கப்பலில் போய்விட்டுத் திரும்பினால் சிங்கப்பூருக்குள் விடமாட்டார்கள் என்பதால் கப்பலிலேயே ஏற்றவில்லை. பேரப்பிள்ளைகளோடு கடலைப் பார்க்கப் போகிறோம் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த அத்தையின் முகம் அந்தக் கவுன்டர் முன்னால் வாடியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

உங்கள் வீட்டில் யாருக்கும் அப்படி நேரக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். இந்திய பாஸ்போர்ட்டோடு சென்னை, திருச்சி, கோவை போன்ற ஊர்களிலிருந்து சிங்கப்பூருக்குப் பறந்து, அங்கே கப்பல் ஏறி, பினாங்கு, போர்ட் கிள்ளான், புக்கெட் என்று மூன்று நான்கு இரவு சுற்றிவிட்டு மறுபடி சிங்கப்பூரில் இறங்குபவர்களுக்கான வழிகாட்டி இது. நம் ஆட்கள் அதிகம் போகும் குரூஸ் பாதைகளில் இதுவும் ஒன்று.

முதலில் ஒரு தாளில் பாதையை எழுதுங்கள்

விமானப் பயணத்தில் ஒரு நாட்டுக்குப் போகிறோம், திரும்பி வருகிறோம். கப்பல் அப்படியில்லை. சென்னையிலிருந்து கிளம்பி சிங்கப்பூருக்குள் நுழைகிறீர்கள், இது ஒன்று. கப்பல் ஏறும்போது சிங்கப்பூரைவிட்டு வெளியேறுகிறீர்கள். பினாங்கில் இறங்கினால் மலேசியா, புக்கெட்டில் இறங்கினால் தாய்லாந்து. கடைசி நாள் கப்பலிலிருந்து இறங்கும்போது சிங்கப்பூருக்குள் இரண்டாவது முறை நுழைகிறீர்கள். அதன் பிறகுதான் ஊருக்கு விமானம்.

இதைத் தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொரு நுழைவுக்கு எதிரிலும் தேதியைப் போடுங்கள். எந்த விசா எத்தனை முறைக்கு வேண்டும், எந்தப் படிவத்தை எந்தத் தேதியில் நிரப்ப வேண்டும் என்று அந்தத் தாளே சொல்லிவிடும். நாங்கள் அன்றைக்கு இதைச் செய்திருந்தால் அத்தையும் மாமாவும் கப்பலில் இருந்திருப்பார்கள்.

பாஸ்போர்ட்: தேதி, பக்கம், நிலை

கப்பலை முன்பதிவு செய்வதற்கு முன்பே வீட்டில் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் மேஜையில் பரப்பிவையுங்கள். முடியும் தேதியை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பயணம் முடியும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் செல்லுபடி இருக்க வேண்டும். கப்பல் மே 10 அன்று திரும்புகிறது என்றால் பாஸ்போர்ட் நவம்பர் 10-ஐத் தாண்டி இருக்க வேண்டும். பலர் கிளம்பும் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். திரும்பும் நாளிலிருந்து எண்ணுவதே பாதுகாப்பு.

குழந்தைகளின் பாஸ்போர்ட்டில்தான் பெரும்பாலும் இடிக்கும். நமக்கு 10 வருடம் செல்லும், சிறுவர்களுக்கு 5 வருடம்தான். அப்பா அம்மாவுடையது சரியாக இருக்கும், பிள்ளையுடையது நான்கு மாதத்தில் முடிவதாக இருக்கும். கைக்குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட் வேண்டும்.

வெற்றுப் பக்கம் குறைந்தது இரண்டு இருக்கட்டும். அட்டை பிய்ந்தது, நனைந்து எழுத்து கலைந்தது, புகைப்படப் பக்கம் உரிந்தது என்றால் தேதி இருந்தாலும் அதை நம்பிப் போகாதீர்கள். புதுப்பிக்க வேண்டுமென்றால் விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே செய்துவிடுங்கள். விசா பாஸ்போர்ட் எண்ணோடு கட்டப்பட்டது. எண் மாறினால் விசாவும் புதிதாக எடுக்க வேண்டும். கப்பல் முன்பதிவில் பழைய எண் கொடுத்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

பாஸ்போர்ட்டில் குடியேற்றச் சோதனை தேவை என்ற இசிஆர் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். பத்தாம் வகுப்பு முடிக்காத பெரியவர்கள் பலருக்கு இது இருக்கும். இந்தச் சோதனை பொருந்தும் 18 நாடுகளின் பட்டியலில் மலேசியாவும் தாய்லாந்தும் உள்ளன. அந்தச் சோதனை வேலைக்குப் போகிறவர்களுக்கானது, சுற்றுலாவுக்கு அனுமதி வாங்க வேண்டியதில்லை. ஆனாலும் சென்னை இமிகிரேஷனில் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்கலாம். அப்பா அம்மாவைத் தனியாக அனுப்புகிறீர்கள் என்றால் திரும்பும் விமான டிக்கெட்டையும் கப்பல் டிக்கெட்டையும் அச்செடுத்து அவர்கள் கையிலேயே கொடுங்கள். பிள்ளைகளின் போனில் இருக்கும் டிக்கெட் அந்த நேரத்தில் உதவாது.

நம் பெயர், நம் இனிஷியல்

வடக்கே எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. நமக்கோ இதுதான் பெரிய சிக்கல்.

நம் ஊரில் செ. கண்ணன் என்றால் யாருக்கும் குழப்பமில்லை. பாஸ்போர்ட்டில் இனிஷியலை அப்படியே போட மாட்டார்கள், விரித்து எழுத வேண்டும். அதனால் ஒருவருக்குக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் செல்லையா என்றும், அடுத்த கட்டத்தில் கண்ணன் என்றும் இருக்கும். அதே வீட்டில் இன்னொருவருக்குக் குடும்பப் பெயர்க் கட்டமே காலியாக இருக்கும், முழுப்பெயரும் ஒரே கட்டத்தில் இருக்கும். ஆதாரில் இன்னொரு விதம், வங்கி அட்டையில் வேறொரு விதம்.

விமானம், கப்பல், விசா, இணையப் படிவங்கள் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் எது இருக்கிறதோ அதையே அப்படியே எழுதுங்கள். ஆதாரைப் பார்த்து எழுதாதீர்கள், மனப்பாடமாகவும் எழுதாதீர்கள், பாஸ்போர்ட்டைத் திறந்துவைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். கப்பல் நிறுவனம் பயணிகள் பட்டியலைத் துறைமுக அதிகாரிகளுக்கு முன்கூட்டியே அனுப்பிவிடும். அங்கே ஓர் எழுத்து மாறியிருந்தால் கவுன்டரில் உங்களை ஓரமாக நிற்கவைத்துவிட்டுத் திருத்துவார்கள். அதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக உள்ளவர்களுக்கு இன்னொரு தொல்லை. முன்பதிவுத் தளம் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் மேலே போக விடாது. சில நிறுவனங்கள் பெயரையே இரண்டு கட்டத்திலும் போடச் சொல்லும், சில எல்என்யூ (LNU, குடும்பப் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று போடச் சொல்லும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வழக்கம். பணம் கட்டும் முன் விமான நிறுவனத்துக்கும் கப்பல் நிறுவனத்துக்கும் மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். வரும் பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கவுன்டரில் கேள்வி வந்தால் அந்தத் தாள் உங்களுக்காகப் பேசும்.

அப்புறம் ஒன்று. குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பா பெயர் இருந்தால், வெளிநாட்டுக் கவுன்டரில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் உங்களைக் கூப்பிடுவார்கள். பெரியவர்களிடம் இதை முன்பே சொல்லிவையுங்கள். தன்னைத்தான் அழைக்கிறார்கள் என்று தெரியாமலே உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சிங்கப்பூர் விசா: ஒரு வரியைப் படித்துவிட்டுத்தான் பணம் கொடுங்கள்

இந்திய பாஸ்போர்ட்டுக்கு சிங்கப்பூர் விசா வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட விசா ஏஜென்ட் வழியாக விண்ணப்பிக்கலாம். சிங்கப்பூரில் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ள உறவினர் இருந்தால் அவர் அங்கிருந்தே இணையத்தில் உங்களுக்காக விண்ணப்பிக்கவும் முடியும். நம்மில் பலருக்கு அப்படியொரு அண்ணனோ மச்சானோ இருப்பார், அது பலருக்குத் தெரியாத வசதி.

படிவம் 14ஏ, பாஸ்போர்ட் நகல், வெள்ளைப் பின்னணியில் 35 மில்லிமீட்டர் அகலம், 45 மில்லிமீட்டர் உயரத்தில் அண்மையில் எடுத்த புகைப்படம், பயணத் திட்டம் ஆகியவை அடிப்படை. ஏஜென்ட்டைப் பொறுத்து வங்கிக் கணக்கு விவரமும் வேலைச் சான்றும் கேட்கலாம். அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், விசா மறுக்கப்பட்டாலும் திரும்ப வராது. ஏஜென்ட்டின் கூலி தனி. போய் இறங்கும் நாளுக்கு முந்தைய 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். ஏதாவது கூடுதல் தாள் கேட்டால் அனுப்ப நேரம் இருக்கும்.

விண்ணப்பம் கொடுக்கும்போதே ‘நாங்கள் குரூஸ் போகிறோம், இரண்டு முறை நுழைவோம், பலமுறை நுழையும் விசா வேண்டும்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கப்பல் முன்பதிவுத் தாளையும் சேர்த்துக் கொடுங்கள். இந்தியர்களுக்குப் பெரும்பாலும் பலமுறை விசாதான் கிடைக்கிறது. ‘பெரும்பாலும்’ என்ற அந்தச் சொல்லை நம்பியதால்தான் எங்கள் வீட்டில் இரண்டு பேர் கரையில் நின்றார்கள். விசா கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, எத்தனை முறை நுழையலாம் என்ற வரி. அடுத்தது கடைசித் தேதி: கப்பல் திரும்பும் நாள் அதற்குள் வருகிறதா? மூன்றாவது, பெயரும் பாஸ்போர்ட் எண்ணும். குடும்பத்தில் ஒருவருடையதைப் பார்த்துவிட்டு மற்றவர்களுடையதும் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். ஒரே நாளில் ஒரே ஏஜென்ட்டிடம் கொடுத்த ஒன்பது விண்ணப்பத்தில் எங்களுக்கு ஏழு ஒரு மாதிரி, இரண்டு வேறு மாதிரி வந்தன.

அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற சில நாடுகளின் விசா இருந்தால் விசா இல்லாமலே 96 மணி நேரம் சிங்கப்பூரில் தங்கலாம் என்று ஒரு வசதி உண்டு. அது வேறொரு நாட்டுக்குப் போகும் வழியில் இடையில் இறங்குபவர்களுக்கானது. போய்விட்டு அங்கேயே திரும்பி வரும் குரூஸுக்கு அதை நம்ப வேண்டாம் என்பது என் கருத்து. 30 டாலரை மிச்சம் பிடிக்கப் போய் முழுப் பயணத்தையும் பணயம் வைக்கக் கூடாது.

மலேசியாவும் தாய்லாந்தும்

மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களை விசா இல்லாமல் 30 நாள் வரை அனுமதிக்கத் தொடங்கியது, பிறகு அதை நீட்டித்தது. தாய்லாந்து 2024 ஜூலை 15 முதல் 60 நாள் வரை விசா விலக்கு கொடுத்தது. இவை இரண்டும் அந்தந்த அரசு நீட்டிக்கவோ நிறுத்தவோ கூடிய சலுகைகள். முன்பதிவு செய்யும் நாளில் ஒரு முறை, கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு ஒரு முறை தூதரகத் தளத்தில் பாருங்கள். போன வருடம் போய் வந்த நண்பர் சொன்னதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

‘நாங்கள் பினாங்கில் இறங்கவே போவதில்லை, கப்பலிலேயே இருப்போம்’ என்று சொல்லி இதைத் தட்டிக்கழிக்க முடியாது. பாதையிலுள்ள எல்லா நாட்டுக்கும் நுழையும் தகுதி இருக்கிறதா என்று கப்பல் ஏறும்போதே கேட்பது வழக்கம்.

கடைசி மூன்று நாள்: இணையப் படிவங்கள்

சிங்கப்பூருக்கு எஸ்ஜி அரைவல் கார்டு என்ற மின்படிவம் உண்டு. வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும், முன்கூட்டியே நிரப்ப முடியாது. சிங்கப்பூர் குடிநுழைவு ஆணையமான ஐசிஏவின் தளத்திலோ அதன் செயலியிலோ நிரப்பலாம். ஒரு காசு கிடையாது. தேடினால் முதலில் வரும் தளங்களில் சில இதற்குப் பணம் கேட்கும், அவை அரசின் தளங்கள் அல்ல. பணம் கேட்டால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

இந்தப் படிவம் விசா இல்லை, விசாவுக்குப் பதிலும் இல்லை. இதையும் இரண்டு முறை நிரப்ப வேண்டும். விமானத்தில் வரும்போது ஒன்று, கப்பலில் திரும்பும்போது இன்னொன்று. இரண்டாவதில் வந்த வழி கடல் என்று குறித்து, கப்பலின் பெயரைக் கொடுக்க வேண்டும். இதைக் கப்பலில் இருக்கும்போது செய்ய நேரும், நடுக்கடலில் இணையம் காசு கொடுத்துத்தான் கிடைக்கும். அதனால் கடைசித் துறைமுகத்தில் கரை இறங்கும்போது போனில் நிரப்பிவிடுங்கள். மூன்று இரவுப் பயணம் என்றால் கப்பல் ஏறும் நாளில் தேதிக் கணக்கு ஒத்துவருகிறதா என்று முதலில் பாருங்கள். சிங்கப்பூர் இப்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. தங்கும் அனுமதி மின்னஞ்சலில் வரும். ஆகவே போனில் திறக்கக்கூடிய மின்னஞ்சல் முகவரியைக் கொடுங்கள்.

மலேசியாவுக்கு எம்டிஏசி என்றும், தாய்லாந்துக்கு 2025 மே 1 முதல் டிடிஏசி என்றும் இதே மாதிரிப் படிவங்கள் உண்டு. இரண்டும் இலவசம், இரண்டுக்கும் அதே மூன்று நாள் கணக்கு. கப்பல் நிறுவனம் கிளம்பும் முன் அனுப்பும் கடிதத்தில் இவற்றை நீங்கள் நிரப்ப வேண்டுமா, அவர்களே பார்த்துக்கொள்வார்களா என்று இருக்கும். அந்தக் கடிதத்தை முழுதாகப் படியுங்கள். நிரப்பியதும் வரும் உறுதித் தாளைப் போனில் படமாகச் சேமித்து, ஓர் அச்சும் எடுங்கள்.

பிள்ளைகள், கர்ப்பிணிகள், வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகள்

அப்பா அம்மா இருவரும் உடன் வந்தால் பிள்ளைக்கு பாஸ்போர்ட், விசாவோடு பிறப்புச் சான்றின் நகல் ஒன்று போதும். ஒருவர் மட்டும் அழைத்துப் போனால் மற்றவரின் சம்மதக் கடிதம் வேண்டும். தாத்தா பாட்டியோடும் சித்தி சித்தப்பாவோடும் அனுப்பினால் இருவரும் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். அதை ஆங்கிலத்தில் எழுதி, நோட்டரியிடம் சான்று வாங்குங்கள். பிள்ளையின் பாஸ்போர்ட் எண், கப்பலின் பெயர், தேதிகள், அழைத்துப் போகிறவரின் பெயர் எல்லாம் அதில் இருக்கட்டும். கையெழுத்திட்டவர்களின் பாஸ்போர்ட் நகலையும் பின்னால் சேர்த்துப் பின் அடியுங்கள். பிறப்புச் சான்று தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கிலப் பிரதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கர்ப்பிணிகளைப் பெரிய கப்பல்கள் 24 வாரத்துக்கு மேல் ஏற்றுவதில்லை. ஏறும் நாளை வைத்து அல்ல, பயணம் முடியும் நாளை வைத்துக் கணக்கிடுவார்கள். மருத்துவரின் கடிதத்தில் எத்தனை வாரம் என்றும் பயணம் செய்யலாம் என்றும் இருக்க வேண்டும்.

அமெரிக்க பாஸ்போர்ட்டோடு விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளை சேர்ந்து வருகிறது என்றால், ஊர் திரும்பும்போது இந்தியாவுக்குள் நுழைய அதன் ஓசிஐ அட்டையோ (இந்திய வம்சாவளியினரான வெளிநாட்டுக் குடிமக்களுக்குத் தரும் அட்டை), மறுபடி நுழைய விடும் இந்திய விசாவோ வேண்டும். அதை மதுரை வீட்டுப் பீரோவில் வைத்துவிட்டுக் கிளம்பாதீர்கள்.

பெரியவர்களின் மருந்துச் சீட்டும் ஆவணம்தான். தூக்க மாத்திரையோ கோடீன் கலந்த இருமல் மருந்தோ இருந்தால் சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையத்தின் விதிகளைப் பார்த்து, தேவைப்பட்டால் அனுமதி வாங்கிவிடுங்கள்.

ஆதார் எங்கே செல்லும்?

இந்தியக் கரையை விட்டு வெளிநாட்டுக்குப் போகாத கப்பல்களில் மட்டும். மும்பையிலிருந்து கோவா போவது போன்ற உள்நாட்டுப் பயணங்களுக்கு ஆதார், வாக்காளர் அட்டை போன்ற அசல் அடையாள அட்டை போதும். சென்னையிலேயே ஏறினாலும் கப்பல் இலங்கைக்குப் போகிறது என்றால் பாஸ்போர்ட் கட்டாயம். 2023-இல் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று போன கப்பல் அந்த வகை.

இணையத்தில் பிறப்புச் சான்று மட்டும் போதும் என்று படித்திருப்பீர்கள். அது அமெரிக்கத் துறைமுகத்தில் ஏறி அதே துறைமுகத்தில் இறங்கும் அந்நாட்டுக் குடிமக்களுக்கான சலுகை. நமக்குப் பொருந்தாது.

கைப்பையில் என்ன, எங்கே?

டெர்மினலில் பெரிய பெட்டிகளை வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள். அவை மாலையில்தான் உங்கள் அறைக்கு வரும். பாஸ்போர்ட்டைப் பெட்டியில் வைத்துவிட்டு கவுன்டரில் போய் நிற்பவர்கள் ஒவ்வொரு கப்பலுக்கும் இருக்கிறார்கள். தோளைவிட்டு இறங்காத ஒரு பையில் இவற்றை வையுங்கள்:

- பாஸ்போர்ட், சிங்கப்பூர் விசா அச்சு, பழைய பாஸ்போர்ட்டில் வேறு நாட்டின் செல்லுபடியாகும் விசா இருந்தால் அதுவும்
- கப்பலின் போர்டிங் தாள், விமான டிக்கெட் இரண்டு வழிக்கும், ஹோட்டல் முன்பதிவு
- இணையப் படிவங்களின் உறுதித் தாள்கள்
- சம்மதக் கடிதம், பிறப்புச் சான்று, மருத்துவக் கடிதம், மருந்துச் சீட்டு
- பயணக் காப்பீட்டுத் தாள்
- கப்பலில் செலவுக் கணக்கோடு இணைக்கும் கிரெடிட் கார்டு
- பாஸ்போர்ட் சைஸ் புகைப்படம் நான்கு

பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கங்களையும் விசாவையும் ஆளுக்கு மூன்று ஜெராக்ஸ் எடுங்கள். ஒன்று கைப்பையில், ஒன்று பெட்டியில், ஒன்று வேறொரு குடும்ப உறுப்பினரிடம். ஒரு ஃபைலில் எல்லோருடையதையும் போட்டு அப்பாவே சுமப்பது நம் வழக்கம். ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை கொடுத்துப் பெயர் எழுதிவிடுங்கள். கவுன்டரில் ஒவ்வொருவராகக் கூப்பிடும்போது தேட வேண்டியிருக்காது.

ஏறும் நாள்

சிங்கப்பூரில் குரூஸ் டெர்மினல் இரண்டு. மரினா பே குரூஸ் சென்டர் ஒன்று, ஹார்பர்ஃபிரன்ட்டில் உள்ளது இன்னொன்று. டாக்ஸியில் ஏறும் முன் டிக்கெட்டில் எது என்று பாருங்கள். மரினா பேக்கு ரயிலில் போனால் மரினா சவுத் பியர் நிலையத்தில் இறங்க வேண்டும். முடிந்தால் முந்தின நாளே சிங்கப்பூர் போய்ச் சேருங்கள். கப்பல் கிளம்பும் நேரத்துக்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் முன்பே கவுன்டரை மூடிவிடுவார்கள்.

கவுன்டரில் உங்களைப் படம் எடுத்து ஓர் அட்டை கொடுப்பார்கள். அறைச் சாவி, செலவுக் கணக்கு, கப்பலில் உங்கள் அடையாளம் மூன்றும் அதுதான். பல ஆசியப் பயணங்களில் பாஸ்போர்ட்டைக் கப்பலே வாங்கி வைத்துக்கொள்ளும். பயப்பட வேண்டாம், இது வழக்கம்தான். அவர்கள் தரும் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், எப்போது, எந்தத் தளத்தில் திருப்பித் தருவார்கள் என்று அப்போதே கேளுங்கள்.

துறைமுகங்களில் கரை இறங்கும்போது அந்த அட்டையும் பாஸ்போர்ட் ஜெராக்ஸும் கையில் இருக்கட்டும். பாஸ்போர்ட்டே தேவைப்படும் துறைமுகமாக இருந்தால் முந்தின நாள் அறிவிப்பில் சொல்வார்கள். கரையில் பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் கப்பலின் வரவேற்பு மேஜைக்குப் போன் செய்யுங்கள். அந்த ஊரிலிருக்கும் அவர்களுடைய துறைமுகப் பிரதிநிதி வழிகாட்டுவார். பிறகு காவல் நிலையத்தில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள், அடுத்தது இந்தியத் தூதரகம். சிங்கப்பூரில் என்றால் கிரேஞ்ச் சாலையில் இருக்கும் இந்திய ஹைகமிஷன். ஊர் திரும்ப அவசரச் சான்றிதழ் கேட்டால் அந்த நான்கு புகைப்படமும் மூன்று ஜெராக்ஸும் உடனே கைகொடுக்கும்.

கடைசி இரவு பாஸ்போர்ட் திரும்ப வந்ததும் திறந்து உங்களுடையதுதானா என்று பாருங்கள். ஒரே குடும்பத்தில் ஒரே அப்பா பெயர் நான்கு பேருக்கு இருக்கும்போது மாறிப்போவது சுலபம். அன்று இரவு பெட்டிகளை அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். பாஸ்போர்ட்டும் விசாவும் இரண்டாவது அரைவல் கார்டின் உறுதித் தாளும் அந்தப் பெட்டிக்குள் போய்விடாமல், காலையில் போடப்போகும் சட்டைக்குப் பக்கத்தில் எடுத்துவைத்துவிட்டுத் தூங்குங்கள்.